செட்டிநாட்டிலிருந்து சைக்கிளில் மலைக்கு: மூணாறுக்கு முன் குமுளி

பள்ளத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வயது 38, தினமும் 15 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், மலை ஏறிப் பழக்கமில்லை. ஆடிப்பெருக்கை ஒட்டி நான்கு நாள் லீவு கிடைக்கிறது. அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் போடிமெட்டு வழியாக மூணாறு போய் வர முடியுமா, அல்லது பையனுக்கு வாங்கிய 21 கியர் சைக்கிளை எடுத்துக்கொள்ளவா என்பது கேள்வி. சமதரையிலேயே ஓட்டிய கால் மலையைத் தாங்குமா என்ற பயமும் அதற்குள் இருக்கிறது. காரைக்குடியில் 28 வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். தேனிப் பக்கத்து மலைகளுக்குச் சைக்கிளிலேயே பல தடவை போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கால் தாங்கும். நீங்கள் குறித்திருக்கும் மாதமும் நாள் கணக்கும்தான் ஒத்துவராது. இறங்குவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நான் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் தூரம். காரைக்குடியிலிருந்து மதுரை சுமார் 90 கிலோமீட்டர், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி இன்னொரு 90. போடியிலிருந்து மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறக்குறைய 25, அங்கிருந்து மூணாறு 40. மெட்டு ஏறிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து பூப்பாறைக்கு இறங்கி, தேவிகுளம் பக்கம் மறுபடி ஏற வேண்டும். பழக்கமில்லாதவருக்குப் போவதற்கே நான்கு நாள் சரியாக இருக்கும். திரும்பி வர நாள் இருக்காது. நாள் குறைவாக இருக்கும்போது இருட்டில் ஓட்டத் தோன்றும், களைத்த கையோடு இறங்கத் தோன்றும். நான் பார்த்த விபத்துகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் நடந்தவை.

இனி ஏற்றம். போடி ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெட்டு 1,350 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். நீங்கள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை ஆயிரம் மீட்டர் தூக்க சுமார் 880 கிலோஜூல் வேலை. தினம் ஓட்டுகிற சாதாரண மனிதர் நிதானமாக மிதித்தால் 100 வாட் கொடுப்பார். அந்தக் கணக்கில் இரண்டரை மணி நேரம், சக்கரம் தரையில் உருள்வதற்கான சக்தியையும் சேர்த்தால் மூன்று, நின்று தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவதையும் சேர்த்தால் நான்கு. இதில் வீரம் ஒன்றும் தேவையில்லை. நான்கு மணி நேரம் ஒரே மாதிரி மிதிக்கிற பொறுமை இருந்தால் போதும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அறுபது எழுபது வயதிலும் போய்ச் சேர்கிறார்கள். முதல் நாள் எந்த நடையோ, கடைசி நாளும் அதே நடை. மலைக்கு வேண்டியது அந்த நடைதான்.

எந்தச் சைக்கிள் என்பதற்கும் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் இருக்கும். அப்பாவின் வண்டியில் முன்னால் 44 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலில் 18 பல். ஒரு மிதி சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போகும். ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 22 சுற்றுகூட வராது. ஒவ்வொரு சுற்றிலும் பெடல் மேல் எழுந்து நின்று மொத்த உடம்பையும் போட்டு அழுத்த வேண்டியிருக்கும், முழங்கால் கெடுவது அங்கேதான். பையனின் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் பெரும்பாலும் 28, பின்னால் பெரியதும் 28. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான் நகரும். அதே ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 56 சுற்று, உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். வேலை அதே 880 கிலோஜூல்தான், அதைச் சின்னச் சின்னத் தவணையாகக் கொடுக்கிறீர்கள். ஆகவே கியர் சைக்கிள். பையனின் வண்டி உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்பா வண்டியில்தான் போக வேண்டும் என்று மனசு பிடிவாதம் பிடித்தால், ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாற்றி, செயினில் கண்ணி சேர்த்து, செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தள்ளுவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வண்டியின் ராட் பிரேக்கை, அதாவது ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பழைய பிரேக்கை நம்பி மலை இறங்க நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

சீட் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், நின்றால் இரண்டு காலும் தரையில் பாவ வேண்டும் என்று. சமதரையில் அது பெரிதாகத் தெரியாது, மலையில் இரண்டாவது மணி நேரத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். குதிகாலைப் பெடல் மேல் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், வாரத்துக்கு ஒரு விரல்கடை ஏற்றினால் பழகிவிடும்.

போடியை அடுத்து அடிவாரத்தில் இருக்கும் முந்தல் என்ற ஊரைத் தாண்டியதும் உண்மையான மலை தொடங்குகிறது. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. இடப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்பக்கமாக மாட்டிக்கொள்வோம். அங்கே சாலை சட்டென்று எழும்பி நிற்கும். எதிரிலும் பின்னாலும் வண்டி இல்லை என்று உறுதியானால் கொஞ்சம் வெளியே விலகி அகலமாகத் திரும்புங்கள், பாதிச் சிரமம் குறையும். வலப்பக்கம் திரும்பும் வளைவு தானாகவே சாய்வு குறைந்தது, அதை மூச்சு வாங்க வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் பறக்கும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. சைக்கிளில் போகிறவர் அந்த விதியை நம்பி நடுச்சாலையில் நிற்கக் கூடாது. ஜீப் கூட்டம் ஓய்ந்த பிறகு, எட்டு மணிக்கு மேல் முந்தலை விட்டுக் கிளம்புவது என் வழக்கம்.

இப்போது இறக்கம். கடை வைத்த புதிதில் ஒரு கார்த்திகை மாதம் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு ஏறினேன். அங்கே 18 கொண்டை ஊசி வளைவு. ஏறியது பெருமையாக இருந்தது. இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடியே வந்தேன், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்து. பாதி மலையில் முன்சக்கரம் தளதளவென்று ஆடியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால் டியூபில் காற்றில்லை. ரிம்மைத் தொட்டேன், விரல் சுட்டுவிட்டது. டயரைக் கழற்றினால், நானே ஒட்டிய பழைய பஞ்சர் ஒட்டு, சொலூஷன் இளகி ஒரு பக்கமாக வழுக்கியிருந்தது. முள்ளும் இல்லை, ஆணியும் இல்லை. என் பிரேக் சூட்டிலேயே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அடுத்த வளைவு முப்பது அடி தள்ளி இருந்தது. வளைவுக்குள் அது நடந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

காரணம் எளிது. ஏறும்போது நீங்கள் கொடுத்த 880 கிலோஜூல் எங்கும் போய்விடவில்லை. இறங்கும்போது அது முழுவதும் வெளியே வந்தாக வேண்டும், கொஞ்சம் காற்றுக்கு, மீதி பிரேக்குக்கு. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. மெதுவாக இழைத்துக்கொண்டே வந்தால் காற்றுக்குப் போகும் பங்கு குறைந்து பிரேக்குக்குப் போகும் பங்கு கூடும், ரிம் ஆறுவதற்கும் நேரம் கிடைக்காது. அதனால் நேர்ச் சாலையில் கட்டுப்பாடு போகாத அளவுக்கு விட்டு, வளைவுக்கு நன்றாக முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை இளக்கிவிட வேண்டும். வளைவுக்குள் அழுத்தினால் சக்கரம் வழுக்கும், அதிலும் மண் சிதறிய இடம் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று நான்கு வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம். டிஸ்க் பிரேக் என்றால் ரிம் சுடாது, டியூபுக்கு ஆபத்து இல்லை, ஆனால் தட்டு பழுக்கச் சுடும், அதைத் தொட்டுவிடாதீர்கள். மழையில் இரும்பு ரிம் வண்டிக்கு ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. ராட் பிரேக் வேண்டாம் என்று மேலே சொன்னது அதனால்தான். அலுமினிய ரிம் பரவாயில்லை, அதிலும் நனைந்த முதல் சில சுற்று கட்டை வழுக்கிவிட்டுத்தான் பிடிக்கும்.

அடுத்து, ஆடி மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகள் வழியாகப் புகுந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தான். நீங்கள் போவது மேற்கு நோக்கி, காற்று வருவது மேற்கிலிருந்து. மதுரை தாண்டியதும் நாள் முழுக்க முகத்தில் அடிக்கும், சமதரையே ஏற்றம்போல ஆகிவிடும். மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அது கனமழை மாதம், மூணாறு பக்கம் மண்சரிவு வருவதும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்க மழை. கார்த்திகையிலிருந்து தை பிறக்கும்வரை குமுளிச் சாலை முழுவதும் சபரிமலை வண்டிகள். பங்குனி, சித்திரையில் வெயில், காய்ந்த மலையில் தீ. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் நடந்த உயிரிழப்பை மறந்திருக்க மாட்டீர்கள். மிஞ்சுவது பொங்கல் கழிந்து மாசி முடியும்வரை. வானம் தெளிவாக இருக்கும், விடிகாலையில் மெட்டில் நன்றாகக் குளிரும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஏழு டிகிரி குறையும். வியர்த்த சட்டையோடு இறங்கினால் நடுங்கிவிடும். கையில் ஒரு முழுக்கைச் சட்டையும், கிடைத்தால் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் யோசனை, முதல் பயணத்துக்கு மூணாறு வேண்டாம், கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் குமுளி. சின்னது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து ஆள் ஒருவர் சைக்கிளில் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் கல்லல், நாட்டரசன்கோட்டை, சிவகங்கை வழியாக மதுரை. மேலூர் வழியில் திருச்சி நான்கு வழிச் சாலையின் இரைச்சல் இருக்கும், சிவகங்கை வழி நிம்மதி. தொண்டியில் கடலோரம் தொடங்கி, காளையார்கோவில், சிவகங்கை, மதுரை, போடி, மூணாறு கடந்து கொச்சியில் முடிகிற நெடுஞ்சாலை அது. இரண்டாவது நாள் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய். சின்ன ஏற்றம்தான், கணவாய் என்றால் என்ன என்று கால் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும். மலையிடுக்கு வழியைக் கணவாய் என்றும், மலைமேல் ஏறிக் கடக்கும் இடத்தை மெட்டு என்றும் அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிதித்தால் புரியும். இரவு தேனி.

மூன்றாவது நாள் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரை சுமார் 55 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலை, நடுவில் முல்லையாறு, அதன் கரையில் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். சாலை ஏறுவதே தெரியாமல் ஏறும். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பி, லோயர் கேம்பில் நான்கு பெரிய குழாய்களில் இறங்கி வருகிறது. அடிவாரத்திலேயே அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பிறந்த நாளில் விவசாயிகள் பொங்கல் வைப்பார்கள். அதே தண்ணீர்தான் வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, மேலூர்க் கால்வாயில் ஓடுகிறது. கண்மாயையும் ஊருணியையும் நம்பிய நமக்கு, நம் பக்கத்து நெல்லுக்குப் பாயும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே எதிர்த்திசையில் ஏறிப் போவது மனசை என்னவோ செய்யும். நான் முதல் தடவை அந்தக் குழாய்களுக்குக் கீழே அரை மணி நேரம் சும்மா நின்றிருந்தேன்.

நான்காவது நாள் காலை, மூட்டையை லாட்ஜில் வைத்துவிட்டு லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறி, டீ குடித்து, இறங்குங்கள். ஏற வேண்டிய உயரம் போடிமெட்டில் ஏறக்குறைய பாதிதான், ஆனால் சாய்வு லேசானது என்று எண்ணிவிடாதீர்கள், தூரமும் குறைவு. இறங்கப் பழக அது அளவான மலை. மூணாறை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நடுவே விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் ஓட்டாதீர்கள், ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. 2023-ல் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது நினைவிருக்கும்.

பழகுவதற்கு நம் பக்கம் மலைச்சாலை கிடையாது. குன்றக்குடி மலைக்குப் படிதான். அதனால் தூரத்தில் பழகுங்கள். மூன்று மாதத்தில் 15-ஐ 60 ஆக்க வேண்டும், ஒரே நாளில் 60 ஓட்டுவதைவிட அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டுவதுதான் முக்கியம், மூட்டையோடு. சனிக்கிழமை சிங்கம்புணரி வழியாகப் பிரான்மலை போய்த் தங்கி, ஞாயிற்றுக்கிழமை திரும்புங்கள். பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற மலை, போனதற்குப் பலன் உண்டு. எதிர்க்காற்றில் ஓட்டுவதும் ஏற்றத்துக்கு நல்ல பயிற்சி. அந்த வகையில் உங்கள் ஆடி லீவு வீணாகாது, அந்த நான்கு நாளும் இங்கேயே மேற்குப் பார்த்து ஓட்டுங்கள்.

சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் விலை உயர்ந்த சத்துக்கட்டி எதுவும் வேண்டாம். வீட்டில் செய்த மாவுருண்டை, பாசிப்பயறு மாவும் சர்க்கரையும் நெய்யும், அதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. பசிக்கும் முன்னாலேயே முக்கால் மணிக்கு ஒன்று வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பசித்த பிறகு மலையில் சாப்பிட்டுப் பயனில்லை. கூடவே உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர்.

முழங்கால், முதுகு பற்றி நான் சொன்னதெல்லாம் சீட்டையும் கியரையும் சரிசெய்தால் தீருகிற வலிக்குத்தான். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், ஒரு பக்கக் கை மரத்துப்போவது, தலைசுற்றல் என்று ஏதாவது இருந்தால் அது சைக்கிள் கடைக்காரன் பார்க்க வேண்டியது இல்லை, கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவரானால் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். மலைச்சாலையின் நிலைமையும் மழைக்கு மழை மாறும், முந்தின நாள் தேனியில் லாரிக்காரர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

திரும்பும்போது முழுத் தூரமும் மிதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தேனியிலிருந்து மதுரைக்கு இப்போது ரயில் ஓடுகிறது, சைக்கிளைப் பார்சலில் ஏற்றுவார்களா என்பதைப் போகும்போதே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியைக் கடையில் விட்டுவிடுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுக்க வேண்டும், ஸ்போக்ஸ் கம்பியைத் தட்டிப் பார்த்து இறுக்க வேண்டும், முன்சக்கரத்தில் ஒட்டுப் போடாத புது டியூப், நான்கு பிரேக் கட்டையும் புதிது, இரண்டு பிரேக் ஒயரும் புதிது. முந்தின நாள் மாட்டினால் ஆகாது. புது ஒயர் முதல் வாரத்தில் இழுபட்டுத் தொய்யும், ஓட்டிப் பார்த்து மறுபடி ஒரு முறை இறுக்கிய பிறகுதான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும்.